கிளாஸ்கோ பாணி ஒருவரின் பாணியா?

கேள்வி இதுதான்: "கிளாஸ்கோ பாணி என்று தேடினால் கட்டடக் கலைஞர் மெக்கின்டாஷ் பெயரும் அந்த நெட்டை முதுகு நாற்காலியும்தான் வருகின்றன. ஸ்காட்லாந்தின் ஒரு ஊரில் ஒரு சின்ன வட்டம் இருபது வருஷம் செய்த வேலைக்கு ஏன் இவ்வளவு பெயர்? அது உண்மையில் யாரைப் பாதித்தது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். அது ஒருவரின் பாணி இல்லை. ஒரு கலைப்பள்ளி, அதன் மாலை வகுப்பு, டீக்கடை நடத்திய ஒரு அம்மையார், ஒரு பதிப்பகம், ஊசியும் நூலுமாக உட்கார்ந்த பெண்கள் என்று பல கைகள் சேர்ந்து உண்டாக்கியது. பிற்பாடு வரலாறு எழுதியவர்கள் ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அடிக்குறிப்பில் போட்டுவிட்டார்கள். இந்தப் பாடத்தை மாணவர்களுக்கு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது உறுத்தும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஊர். 1890-களின் கிளாஸ்கோ கப்பலும் ரயில் எஞ்சினும் கட்டிய ஊர். முதல் உலகப்போருக்கு முந்தைய வருஷங்களில், உலகில் கடலில் இறக்கப்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு க்ளைட் ஆற்றங்கரையில் கட்டியவை. கரிப்புகை படிந்து கட்டடங்கள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. ஆனால் கையில் காசு புரண்டது. கப்பலுக்குள் அறைகள் செய்யத் தெரிந்த தச்சர்கள், உலோகத்தை வளைக்கத் தெரிந்தவர்கள், வண்ணக் கண்ணாடி பதிப்பவர்கள் எல்லாரும் ஊரிலேயே இருந்தார்கள். லண்டனைப் பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற மிடுக்கு அந்த ஊருக்கு இருந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'கிளாஸ்கோ பாய்ஸ்' என்று படித்திருப்பீர்கள். அவர்கள் வேறு. ஜேம்ஸ் கத்ரி, ஜான் லேவரி, ஹார்னல், ஜார்ஜ் ஹென்றி போன்ற அந்த ஓவியர்கள் 1880-களிலேயே கிளம்பிவிட்டார்கள். பழைய தலைமுறையின் பழுப்பு நிற வார்னிஷ் ஓவியங்களுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'பசைச் சட்டிகள்'. வயலில் நின்று, இருக்கும் வெளிச்சத்தில், கிராமத்து ஆட்களை வரைந்தார்கள். 1891-இல், லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர் வரைந்த எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் உருவப்படத்தை வாங்கச் சொல்லி மாநகராட்சியிடம் மனு கொடுத்தார்கள். மாநகராட்சியும் 1,000 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) கொடுத்து வாங்கியது. விஸ்லரின் ஓவியம் ஒன்றைப் பொதுப் பணத்தில் வாங்கிய முதல் இடம் அதுதான். ஹென்றியும் ஹார்னலும் 1893-இல் ஜப்பானுக்கே கப்பலேறிப் போனார்கள். ஆக, விஸ்லரும் ஜப்பானும் அந்த ஊருக்குள் வரக் கதவைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள். அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான் நாம் பேசும் வட்டம்.

அந்த வட்டத்தின் நடுவில் ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார். ஃபிரான்சிஸ் நியூபெரி, 1885-இல் கிளாஸ்கோ கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நெருக்கித்தான் இருக்கும். பகல் வகுப்பில் வசதியான வீட்டுப் பெண்கள் படித்தார்கள். மாலை வகுப்பில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள் படித்தார்கள். சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷும் ஹெர்பர்ட் மெக்நேரும் மாலை வகுப்பு. இருவரும் பகலில் ஹனிமன் அண்டு கெப்பி என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் வரைபடம் போட்டவர்கள். மார்கரெட் மெக்டொனால்ட், அவர் தங்கை ஃபிரான்செஸ் இருவரும் பகல் வகுப்பு. ஒருவரை ஒருவர் பார்க்கவே வாய்ப்பில்லை. 1893 வாக்கில் இரு பக்கத்து வேலைகளையும் பார்த்த நியூபெரி, இவை ஒரே குடும்பத்து முகம் மாதிரி இருக்கின்றனவே என்று கவனித்து நால்வரையும் அறிமுகப்படுத்தினார். நல்ல வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை என்பேன். சொல்லிக் கொடுப்பது ஒரு பங்குதான். யாரை யாரோடு உட்கார வைப்பது என்று தெரிவது மீதிப் பங்கு.

நால்வரும் சேர்ந்து வரையத் தொடங்கினார்கள். 1899-இல் ஃபிரான்செஸ் மெக்நேரைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் மார்கரெட் மெக்கின்டாஷை. ஊரார் இவர்களை 'நால்வர்' என்றே சொன்னார்கள். அவர்கள் போட்ட விளம்பரச் சுவரொட்டிகளில் பெண்ணுருவங்கள் தண்டு மாதிரி நீண்டு, கூந்தல் கொடியாகி, கொடி சட்டமாகி நிற்கும். எது உடம்பு, எது செடி என்று பிரிக்க முடியாது. 1893-இல் லண்டனில் தொடங்கிய ஒரு கலை இதழில் வந்த ஆங்கிலேய ஓவியர் பியர்ட்ஸ்லியின் கோட்டோவியங்களையும், டச்சு ஓவியர் யான் டூரோப் வரைந்த மணப்பெண்கள் படத்தையும் அவர்கள் ஆசையோடு பார்த்திருந்தார்கள். ஆனால் வந்த விளைச்சல் அவர்களுடையது. 1896-இல் லண்டன் கைவினைக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். லண்டன் முகம் சுளித்தது. 'பேய்ப் பள்ளி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்த இதழின் முதல் ஆசிரியர் க்ளீசன் ஒயிட் மட்டும் நேரில் போய்ப் பார்த்து 1897-இல் மரியாதையாக எழுதினார். அந்தக் கட்டுரைகள் ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டன. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வரைபவர்கள் வந்துவிட்டார்கள். வேலை கொடுக்க ஆள் வேண்டுமே? அங்கேதான் மிஸ் க்ரான்ஸ்டன் வருகிறார். கேட் க்ரான்ஸ்டன், 1849-இல் பிறந்தவர். அவர் அண்ணன் ஸ்டூவர்ட் தேயிலை வியாபாரி. மதுவிலக்கு இயக்கம் ஓங்கியிருந்த காலம். குடிக்காமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் ஊருக்கு வேண்டியிருந்தது. பெண்கள் துணையில்லாமல் வந்து உட்காரவும் ஓர் இடம் இல்லை. 1878-இல் கேட் தன் முதல் கடையைத் திறந்தார். பிறகு நான்கு கடைகள். அவற்றில் சாப்பாட்டு அறை, பெண்களுக்கு அறை, ஆண்கள் பில்லியர்ட்ஸ் ஆடவும் புகைக்கவும் அறை எல்லாம் இருந்தன. அலங்கார வேலையை ஊரில் பெயர் தெரியாத இளைஞர்களிடம் கொடுத்தார். முதலில் ஜார்ஜ் வால்டனிடம், அப்புறம் மெக்கின்டாஷிடமும் மார்கரெட்டிடமும். இருபது வருஷம் கைவிடவே இல்லை. வேறு யாரும் அவர்களுக்கு இப்படி ஒரு சுதந்திரம் கொடுக்கவில்லை.

(அந்தக் கோப்பைகளில் ஊற்றிய டீயைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த வருஷங்களில்தான் பிரிட்டனில் சீனத் தேயிலையைத் தள்ளிவிட்டு இந்தியா, இலங்கைத் தேயிலை முன்னுக்கு வந்தது. கிளாஸ்கோவிலேயே பிறந்த தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கினார். அங்கே கொழுந்து பறித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.)

அந்த நெட்டை நாற்காலி பிறந்தது க்ரான்ஸ்டனின் ஆர்கைல் தெருக் கடைக்காக, 1898 வாக்கில். ஏறக்குறைய 1.37 மீட்டர் உயரம். முதுகுப் பக்கம் இரண்டு மெல்லிய கால்கள் தரையிலிருந்து நேராக மேலே போய், உச்சியில் ஒரு முட்டை வடிவப் பலகையைத் தாங்குகின்றன. அந்தப் பலகையில் பறக்கும் பறவை ஒன்றின் உரு வெட்டப்பட்டிருக்கும். படத்தில் தனியாகப் பார்த்தால், இதில் எப்படி உட்காருவது என்று தோன்றும். ஆனால் அது தனியாக நிற்கச் செய்ததே இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி நான்கைப் போட்டுப் பாருங்கள்: கூட்டம் நெரியும் பெரிய உணவுக்கூடத்துக்கு நடுவில், அந்த முதுகுகள் ஒரு வேலி போட்டு உங்களுக்கு ஒரு தனி அறை கொடுக்கும். உட்கார்ந்திருப்பவர் தலைக்குப் பின்னால் அந்த முட்டைப் பலகை சந்திரன் மாதிரி நிற்கும். ஒரு சாமானை வைத்தே சுவர் எழுப்புகிற இந்த யோசனைதான் அதன் உயிர். இன்று அதை ஹோட்டல் வரவேற்பறை மூலையில் ஒற்றையாகப் போட்டுவைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும்.

1903-இல் சாக்கிஹால் தெருவில் வில்லோ டீ அறைகள் திறந்தன. சாக்கிஹால் என்ற பெயருக்கே ஸ்காட் மொழியில் வில்லோ மரங்கள் நின்ற புல்வெளி என்று பொருள். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு முழுக் கடையையும் கட்டினார்கள். மாடியில் இருந்த ஆடம்பர அறையில் வெள்ளி பூசிய நாற்காலிகள், ஊதா நிறக் கண்ணாடி பதித்த முதுகுகள், சுவரைச் சுற்றி ஈயச் சட்டத்தில் கோத்த ரசக்கண்ணாடிப் பட்டை. ஒரு பக்கச் சுவரில் மார்கரெட்டின் புடைப்புச் சித்திரம். வெளியே கரிப்புகையும் ட்ராமும். உள்ளே வந்து சில பென்னிக்கு ஒரு கோப்பை டீ வாங்கினால் அந்த அறை உங்களுடையது. மேல்தட்டு மாளிகையில் பூட்டிவைக்காமல், குமாஸ்தாவும் கடைப் பெண்ணும் வந்துபோகும் இடத்தில் இதைச் செய்தார்கள் என்பதை நான் இந்த வட்டத்தின் மிகப் பெரிய சாதனையாகப் பார்க்கிறேன்.

மார்கரெட்டின் அந்தச் சித்திர வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1900-இல் க்ரான்ஸ்டனின் இங்க்ரம் தெருக் கடைக்காக அவர் செய்த 'மே ராணி' ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளம்; மூன்று பலகைகள். எதிர்ச் சுவருக்கு மெக்கின்டாஷ் தன் கையால் ஒன்று செய்தார். பலகைச் சட்டத்தில் முரட்டுச் சாக்குத் துணியை இழுத்து அடித்து, அதன்மேல் ஜிப்சம் சாந்து பூசுவார்கள். கோடு வேண்டிய இடத்தில் சணல் கயிற்றை வளைத்துக் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். மருதாணிக் கோனில் பிழிவது போலச் சாந்தைப் பிழிந்து ரோஜா எழுப்புவார்கள். அப்புறம் கண்ணாடி மணிகள், சிப்பித் துண்டுகள், தகரத் தாள். தூரத்திலிருந்து அரசவைச் சித்திரம். மூக்குக்கு எதிரே சாக்கும் சணலும். மண்ணெண்ணெய் விளக்கிலோ எரிவாயு விளக்கிலோ அந்த மணிகள் மின்னியதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த பொருள் எதுவுமே இல்லை.

இதே புத்திதான் ஊசி வேலையிலும். நியூபெரியின் மனைவி ஜெஸ்ஸி, பெய்ஸ்லி ஊர்ச் சால்வை உற்பத்தியாளர் ஒருவரின் மகள். 1894-இல் கலைப்பள்ளியில் பூத்தையல் வகுப்பைத் தொடங்கினார். அதுவரை பூத்தையல் என்றால் பட்டும் ஜரிகையும், பொழுதுபோகாத பணக்கார வீட்டுப் பெண்களும். ஜெஸ்ஸி சாதாரண லினன், காடாத் துணி, கம்பளி எடுத்தார். புகழ்பெற்ற 'கிளாஸ்கோ ரோஜா'வை எப்படிச் செய்தார் தெரியுமா? இளஞ்சிவப்புத் துணியில் ஒரு வட்டம், அரைகுறையாகத்தான் வட்டம், வெட்டிக்கொள்வது. அதை அடித்துணியில் வைத்து ஓரத்தைப் பட்டு நூலால் நெருக்கமாகத் தைப்பது. பிறகு உள்ளே மூன்று நான்கு வளைகோடுகள். இதழ் மடிப்பு வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அரை மணியில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எளிமைக்காக வரைந்த வடிவம் இல்லை அது. கத்தரிக்கோலும் ஊசியும் எதைச் சுலபமாகச் செய்யுமோ அதிலிருந்து முளைத்த வடிவம். இன்று மெக்கின்டாஷ் ரோஜா என்று சொல்லிக் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் விற்பதற்கு மூலத்தைத் தேடினால் இந்தத் தையல் வகுப்புக்கும் வந்து சேர வேண்டும்.

ஜெஸ்ஸியின் மாணவி ஆன் மெக்பெத் அந்த வகுப்பைப் பிறகு நடத்தினார். சனிக்கிழமைகளில் ஊர்ப் பள்ளி ஆசிரியைகள் வந்து கற்றுப்போனார்கள். 1911-இல் இன்னோர் ஆசிரியையோடு சேர்ந்து தையல் கற்பிக்கும் முறை பற்றி ஒரு பாடநூல் எழுதினார்: சின்னக் குழந்தையின் கண்ணைக் கெடுக்கிற நுண்தையலைக் கட்டாயப்படுத்தாதீர்கள், தடித்த நூலும் கலர் நூலும் கொடுத்துப் பெரிய தையலில் தொடங்குங்கள், அலங்காரத்தைத் தானே யோசிக்க விடுங்கள் என்பது அதன் சாரம். அது பிரிட்டனைத் தாண்டியும் பள்ளிகளில் பரவியது. பாதிப்பு என்று கேட்டீர்களே, வியன்னாவுக்கு முன்னால் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அருங்காட்சியகத்துக்குப் போகாத பாதிப்பு இது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் பிள்ளைகள் கையில் போய் முடிந்தது.

அதே ஆன் மெக்பெத், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். சிறையில் உண்ணாவிரதம் இருந்த 80 பெண்களின் கையெழுத்தை லினன் துண்டுகளில் தைத்து, சேர்த்து ஒரு போர்வையாக அமைத்தார். 1910-இல் கிளாஸ்கோவில் நடந்த இயக்கச் சந்தையில் இயக்கத் தலைவர்களில் ஒருவரான எம்மலைன் பெதிக்-லாரன்ஸ் அதைப் 10 பவுண்டுக்கு வாங்கினார். அந்த ஜூன் மாதமே லண்டன் ஊர்வலத்தில் அது பதாகையாகத் தூக்கிச் செல்லப்பட்டது. ஒரு தையல் வகுப்பு எங்கே போய் நின்றது பாருங்கள்.

புத்தகங்களையும் சொல்லிவிடுகிறேன். ப்ளாக்கி பதிப்பகத்தில் 1893-இல் கலைப் பொறுப்பாளராகச் சேர்ந்த டால்வின் மாரிஸ், மலிவுப் பதிப்புகளுக்கும் பள்ளியில் பரிசாகக் கொடுக்கும் கதைப் புத்தகங்களுக்கும் இந்தப் பாணியில் அட்டை போட்டார். நாற்காலியை வீட்டுக்கு வாங்க முடியாதவன் வீட்டிலும் அந்த வளைகோடும் ரோஜாவும் இப்படிப் போய்ச் சேர்ந்தன. மாரிஸ்தான் தன் முதலாளி வால்டர் ப்ளாக்கியிடம் மெக்கின்டாஷைக் கூட்டிப்போனார். ஹெலன்ஸ்பரோவில் ப்ளாக்கிக்காக மெக்கின்டாஷ் கட்டி 1904-இல் முடித்த ஹில் ஹவுஸ் என்ற வீடு அப்படி வந்தது. ஜெஸ்ஸி எம். கிங் என்ற சித்திரக்காரர் மயிரிழைக் கோடுகளில் புத்தகங்களுக்கு வரைந்தார். பிற்பாடு தெற்கே கர்கூப்ரி என்ற சிற்றூரில் குடியேறி, அங்கே கூடிய கலைஞர்களுக்கெல்லாம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். ஜார்ஜ் வால்டன் லண்டன் போய், கோடக் நிறுவனத்துக்குப் பல ஐரோப்பிய நகரங்களில் கடைகளை அமைத்தார். கேமரா வாங்கப் போன சாதாரண மனிதர்கள் பெயர் தெரியாமலே கிளாஸ்கோ பாணிக்குள் நுழைந்து வந்தார்கள்.

இனி வியன்னா. 1900 நவம்பரில் வியன்னா பிரிவினைக் குழுவின் (பழைய கலைச் சங்கத்திலிருந்து பிரிந்துவந்த கலைஞர்கள்) எட்டாவது கண்காட்சியில் நால்வருக்கும் ஓர் அறை கிடைத்தது. வெள்ளைச் சுவர், நிறைய வெற்றிடம், அங்கங்கே ஒரு சாமான், மேலே எதிரெதிராக அந்த இரண்டு புடைப்புச் சித்திரங்கள். தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த அறைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கும். அந்தக் குழுவைச் சேர்ந்த யோசஃப் ஹாஃப்மன், கோலோமன் மோசர் போன்றவர்கள் ஏற்கெனவே அதே திசையில் வந்துகொண்டிருந்தார்கள். அதனால் வியன்னாவுக்குக் கிளாஸ்கோ பாடம் சொல்லிக் கொடுத்தது என்று நான் எழுதமாட்டேன். நீ போகிற வழி சரிதான் என்று ஒரு தைரியம் கொடுத்தது. வியன்னா ஓவியர் க்ளிம்ட் 1902-இல் வரைந்த பெத்தோவன் சுவர்ச் சித்திரத்தில் மிதக்கும் பெண்களையும், இடையிடையே விட்ட வெற்றுச் சுவரையும், பதித்த கண்ணாடித் துண்டுகளையும் 'மே ராணி'க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவு கண்ணுக்கே தெரியும். ஃப்ரிட்ஸ் வேர்ன்டோர்ஃபர் என்ற பணக்காரர் தன் வீட்டுச் சங்கீத அறையை மெக்கின்டாஷ் தம்பதியிடம் கொடுத்தார். 1903-இல் ஹாஃப்மனும் மோசரும் வியன்னாப் பட்டறை என்ற கைவினை நிறுவனத்தைத் தொடங்கியபோது பணம் போட்டவரும் அவர்தான். அந்த அறைக்கு மார்கரெட் செய்த பெரிய சித்திரம் பல பத்தாண்டுகள் காணாமல் போய், 1990-இல் வியன்னா அருங்காட்சியகம் ஒன்றின் அடித்தளத்தில் கிடைத்தது. கிளாஸ்கோ வியன்னாவிடமிருந்து வாங்கியதும் உண்டு: பின்னாளில் மெக்கின்டாஷின் சதுரங்களிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களிலும் வியன்னா தெரியும்.

1902-இல் டூரின் உலகக் கண்காட்சியில் ஸ்காட்லாந்துப் பகுதியை நியூபெரி பொறுப்பெடுத்து நடத்தினார். ஜெஸ்ஸி கிங் அங்கே தங்கப் பதக்கம் வாங்கினார். ஜெர்மன் தூதரகத்தில் இருந்த ஹெர்மன் முத்தேசியுஸ் இந்தக் குடும்பங்களோடு நெருங்கிப் பழகி, தன் நாட்டுக்கு விரிவாக எழுதினார். அவர் மனைவி அன்னா 1903-இல் பெண்கள் உடை பற்றி வெளியிட்ட புத்தகத்துக்கு அட்டை போட்டது ஃபிரான்செஸ். ஒரு ஜெர்மன் போட்டிக்கு மெக்கின்டாஷ் தம்பதி அனுப்பிய 'கலை ரசிகனின் வீடு', தேவையான படங்கள் முழுதாக இல்லாததால் முதல் பரிசு இழந்தது. ஆனாலும் தொகுப்பாக அச்சாகி எல்லாக் கட்டடக் கலைஞர் மேஜைக்கும் போனது. அந்த வீடு 1996-இல்தான் கிளாஸ்கோவில் கட்டி முடிக்கப்பட்டது.

கலைப்பள்ளிக் கட்டடம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1896-இல் போட்டி; ஒதுக்கீடு 14,000 பவுண்டு. அந்தக் காசுக்கு வெறும் கட்டடம்தான் வரும் என்றார்கள். அப்போது நிறுவனத்தில் உதவியாளராக இருந்த மெக்கின்டாஷ் வடக்குப் பக்கத்தை ஏறக்குறைய முழுக்க ஜன்னலாக்கினார். ஓவியம் போடுகிறவனுக்கு வேண்டியது வடக்கு வெளிச்சம்தானே. ஜன்னல் துடைப்பவர் பலகை போட்டு நிற்க இரும்புத் தாங்கிகள் வேண்டும். அந்தத் தாங்கிகளையே முறுக்கி, உச்சியில் முடிச்சாக்கி, முகப்பின் அலங்காரமாக்கினார். அலங்காரத்துக்கென்று தனியாகச் செலவே இல்லை. பாதி 1899-இல் திறந்தது. மீதி, புகழ்பெற்ற நூலகத்தோடு, 1909-இல்.

அதற்கப்புறம் சரிவுதான். பாணிக்கு மவுசு போனது. மெக்நேர் குடும்பப் பணம் கரைந்தது. 1921-இல் ஃபிரான்செஸ் இறந்ததும் அவருடைய படைப்புகளில் பெரும்பகுதியை மெக்நேரே அழித்துவிட்டார். இதை எழுதும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. மெக்கின்டாஷ் 1913-இல் நிறுவனத்தைவிட்டு விலகினார். 1914-இல் அவரும் மார்கரெட்டும் இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் வால்பர்ஸ்விக் என்ற கிராமத்தில் போய்த் தங்கினார்கள். போர் தொடங்கியிருந்தது. விளக்கோடு சாயங்காலம் உலாவும் இந்த அந்நியரிடம் ஜெர்மன் மொழிக் கடிதங்கள் இருந்ததால், ஒற்றர் என்று சந்தேகம் வந்தது. எந்த நட்பு அவருக்குப் பெயர் தேடிக் கொடுத்ததோ, அதுவே வினையானது.

இங்கே நமக்கும் ஒரு நூலிழை உண்டு. நகரத் திட்டமிடலின் முன்னோடியும் எடின்பரோவில் தனக்கென்று ஒரு கலைஞர் வட்டம் வைத்திருந்தவருமான பேட்ரிக் கெடஸ், 1914-இல் தன் நகரக் கண்காட்சியை மதராசுக்குக் கொண்டுவந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே எம்டன்தான். அதற்குச் சில வாரம் முன்னால் மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு நம் பேச்சு மொழியில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட கப்பல். கெடஸ் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் மதராசில் கண்காட்சி நடத்தினார். வேலையில்லாமல் லண்டனில் இருந்த மெக்கின்டாஷ், கெடஸுக்காக இந்தியாவுக்கென்று வளைவு நடைகள் கொண்ட கடைத்தெருக் கட்டட வரைபடங்கள் போட்டார். எதுவும் கட்டப்படவில்லை.

1928-இல் மெக்கின்டாஷ் லண்டனில் இறந்தார், 1933-இல் மார்கரெட். இருவருடைய வேலைக்கூடத்தில் இருந்த மொத்தச் சாமானுக்கும் போட்ட மதிப்பு 88 பவுண்டு 16 ஷில்லிங் 2 பென்ஸ். 2008-இல் மார்கரெட்டின் ஒரே ஒரு சித்திரம் ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்குப் போனது.

நடுவில் என்ன நடந்தது? 1936-இல் வரலாற்றாசிரியர் நிகோலாஸ் பெவ்ஸ்னர், நவீனக் கட்டடக்கலைக்கு வழி போட்டவர்களில் ஒருவராக மெக்கின்டாஷை நிறுத்தினார். அது அவரை மறதியிலிருந்து மீட்டது. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதைக்கு நேர்க்கோடும் வெள்ளைச் சுவரும் போதும். ரோஜாவும் கண்ணாடி மணியும் தையலும் வேண்டாம். வேண்டாத பாதி பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்தது. மார்கரெட் கணவரின் கையைக் கெடுத்தவர் என்றுகூட எழுதினார்கள். கணவரோ, தன் கட்டடக்கலை முயற்சிகளில் பாதிக்கு மேல் நீதான் என்று அவருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். 1990-இல் கிளாஸ்கோவில் நடந்த 'கிளாஸ்கோ கேர்ள்ஸ்' கண்காட்சி வந்த பிறகுதான் இந்தப் பெண்கள் பெயர் பரவலாகப் பேச்சில் வந்தது.

கலைப்பள்ளியில் 2014 மே 23 அன்று தீ, நூலகம் போயிற்று. பழுதுபார்க்கும் வேலை முடியும் தறுவாயில் 2018 ஜூன் 15 இரவு இன்னொரு தீ. இம்முறை கட்டடமே கூடாகிவிட்டது. ஹில் ஹவுஸ் வேறு மாதிரி அவதிப்படுகிறது: சுவரில் பூசிய சிமென்ட் காரை மழைநீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால், 2019 முதல் வீட்டையே ஒரு பெரிய எஃகு வலைக் கூண்டுக்குள் வைத்து உலர்த்துகிறார்கள்.

போக வாய்ப்பிருந்தால் கெல்வின்குரோவ் அருங்காட்சியகம், வில்லோ டீ அறைகள் (2018-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள்), பல்கலைக்கழகத்து ஹன்டீரியன் அருங்காட்சியகம் மூன்றையும் பாருங்கள். நாற்காலியோடு திரும்பிவிடாதீர்கள். வால்பர்ஸ்விக்கில், சந்தேகக் கண்களுக்கு நடுவில் வரைந்த பூச்சித்திரங்களின் படியாவது தேடிப் பாருங்கள். பென்சில் கோடு ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மெல்லிய நீர்வண்ணம் பூசிய சின்னத் தாள்கள். பலவற்றின் மூலையில் ஒரு சிறு கட்டம் போட்டிருப்பார். அதில் பூவின் பெயர், ஊர், வருஷம். வரைந்த கை மெக்கின்டாஷுடையது. கட்டத்துக்குள் அவர் எழுதியிருக்கும் முதலெழுத்துகள் பல தாள்களில் இரண்டு பேருடையவை: சி.ஆர்.எம்., எம்.எம்.எம்.